அடுக்களை மருந்தும் ஆஸ்பத்திரி மருந்தும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வு நிகழ்ச்சியில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"இயற்கை மருந்துகளும் நம் உணவும்" என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. அழைப்பிதழில் இதைக் கண்ட பெரியவர் ஒருவர் என்னிடம், "டாக்டர் தம்பி, நீங்கள் இங்கிலீஷ் மருந்து எழுதுகிறவராயிற்றே, எங்கள் கசாயத்தைக் குறை சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். குறை சொல்ல நான் வரவில்லை. என் வீட்டு அடுக்களையிலும் சுக்கும் மிளகும் ஓமமும் இருக்கின்றன. தொண்டை கரகரத்தால் நானும் வெந்நீரில் உப்புப் போட்டுத்தான் கொப்பளிக்கிறேன். எனினும், நெடுங்காலமாக இவ்வூர் மக்களின் நாடியைப் பிடித்துப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்த அடுக்களைப் பொருள்கள் எப்போது நமக்குத் துணை நிற்கின்றன, எப்போது நம்மைக் கைவிடுகின்றன என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் இந்த "இங்கிலீஷ் மருந்து" என்ற பெயரைப் பற்றிச் சிறிது பேசுவோம். சர்க்கரை நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் விழுங்கும் மாத்திரை மெட்ஃபார்மின். அதன் பூர்வீகம் கலேகா என்னும் ஒரு செடி. ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் பல நூறு ஆண்டுகள் கையாண்ட செடி அது. அதில் இருந்த ஒரு பொருளை ஆராய்ந்து, அதன் வழியே உருவாக்கப்பட்ட மருந்தை 1957ஆம் ஆண்டு ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். மாரடைப்பு வந்தவர்கள் நாள்தோறும் உண்ணும் ஆஸ்பிரினின் மூலம் வில்லோ மரப்பட்டை. மலேரியாக் காய்ச்சலுக்கு இன்று உலகெங்கும் தரப்படும் ஆர்ட்டிமிசினின், சீனத்து மூலிகை ஒன்றிலிருந்து 1972இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்காகத் தூ யூயூ என்ற சீன அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. அந்த மூலிகையைக் கொதிக்க வைத்தால் அதன் வீரியம் கெட்டுவிடுகிறது. பழைய நூல் ஒன்றில் குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் முறை சொல்லப்பட்டிருந்ததை ஊன்றிப் படித்த பிறகே அவருக்கு வழி பிறந்தது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. சர்ப்பகந்தா என்னும் வேரை யூனானி ஹகீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். டில்லி திப்பியாக் கல்லூரியில் பணியாற்றிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற வேதியியல் அறிஞர் 1931இல் அவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தம்மை ஆதரித்து வளர்த்த ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் நினைவாக அதற்கு "அஜ்மாலின்" என்று பெயரிட்டார். இதயத் துடிப்பில் ஏற்படும் ஒருவகைப் பிறவிக் கோளாற்றைக் கண்டறிய அஜ்மாலின் இன்றும் பயன்படுகிறது. அதே வேரைக் கொண்டு இரத்தக் கொதிப்பைக் குறைக்கலாம் என்பதை மும்பையைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகுக்கு அறிவித்தார். ஆகவே, செடி கொடிகளைப் பற்றி மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது என்பதும், மருந்துக் கடையில் விற்பதெல்லாம் செயற்கை நஞ்சு என்பதும் உண்மைக்கு வெகுதூரம். சோதித்து அளவு கண்ட மருந்தா, அளவே காணாத மருந்தா என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி மேற்கத்தியரின் கண்டுபிடிப்பும் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு சீனா அவர்கள் தம்முடைய "அல் கானூன்" என்ற பெருநூலில், ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகளை வகுத்தார்கள். மருந்து கலப்படமின்றி இருக்கவேண்டும், பல நோய்கள் கலந்த நிலையில் அல்லாமல் ஒரே நோயில் சோதிக்கவேண்டும், வேலை செய்யத் தொடங்கும் நேரத்தைக் கவனிக்கவேண்டும், மனித உடலிலேயே சோதிக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, விளைவு தொடர்ந்து காணப்படவேண்டும், இல்லாவிடில் அது தற்செயலாகவே கொள்ளப்படும் என்பது. கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளை இந்த ஒரு நிபந்தனையால் வடிகட்டினால் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இந்தத் தற்செயல் என்பதை மஞ்சள் காமாலையை வைத்து விளக்குகிறேன். நம் பகுதியில் காமாலை என்றதும் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். பத்தியமாக உப்பில்லாக் கஞ்சி. மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிடும். "பார்த்தீர்களா!" என்பார்கள். அசுத்தமான குடிநீரால் பரவும் காமாலையில் பெரும்பாலானவை எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடக் கூடியவை. அந்தக் காலத்தில் நோயாளி கீழாநெல்லி சாப்பிட்டிருந்தால் பெருமை கீழாநெல்லிக்கு, குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பெருமை குளுக்கோஸுக்கு. இரண்டுமே வாங்காத பேர் ஒன்று உண்டு, அது ஓய்வு.

ஆனால் கீழாநெல்லியை நம் விஞ்ஞானிகள் அலட்சியம் செய்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியை உடலில் சுமந்து திரிபவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள்கள் கொடுத்து ஆராய்ந்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் போலிமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988இல் இது லான்செட் என்ற புகழ்பெற்ற இதழில் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். பிற நாடுகளில் அதே ஆராய்ச்சியைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. எனவே இன்றுவரை ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு அது மருந்தாக ஏற்கப்படவில்லை. இதில் யாருக்கும் இழிவில்லை. நம் மண்ணின் மூலிகையை முறைப்படி சோதிக்க முன்வந்த அந்தக் குழுவினரை நான் பெரிதும் மதிக்கிறேன். விளம்பரப் பொடி விற்பவர்களில் எவராவது இப்படிச் சோதிக்கத் துணிந்தார்களா?

காமாலைக்குக் கையில் சூடு போடுவதும், மூக்கிலும் கண்ணிலும் சாறு விடுவதும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவற்றை அறவே விடவேண்டும். காமாலை கண்டவர் பிதற்றினாலோ, எந்நேரமும் தூங்கி வழிந்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் காமாலை வந்தால் முதல் நாளே மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும். தண்ணீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் இ என்ற வகை, நிறைமாதக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இருபது பேர் வரை உயிரைப் பறிக்கக் கூடியது. பத்தியம் பார்க்க அங்கே நேரமில்லை.

அடுத்து, அளவைப் பற்றிச் சொல்கிறேன். "உணவுதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று பலர் கேட்கிறார்கள். கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய் உண்டு. பிலிம்பி என்றும் சொல்வார்கள். மீன் குழம்பில் புளிப்புக்குப் போடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, சிலர் அந்தக் காயைக் கிலோக்கணக்கில் பிழிந்து சாறாகக் குடித்தார்கள். சில நாள்களில் சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். அக்காயில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிட்டதே காரணம். குழம்பில் இரண்டு காய் உணவு. ஒரு குவளைச் சாறு வேறு பொருள். பெயர் ஒன்று, வேலை வேறு.

அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக் கொள்வது நம் வழக்கம். இரண்டு நாள் செய்வதால் கேடில்லை. அதையே பொடியாக்கி வாரக்கணக்கில் நாள்தோறும் தேநீரில் போட்டுக் குடித்தால் இரத்தக் கொதிப்பு ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டும் குறையாத சிலரை விசாரித்தால் இத்தகைய ஏதேனும் ஒன்று வெளிவரும். இளநீர் நல்ல பானம்தான். ஆனால் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நான்கு இளநீரைச் சீவி எடுத்துச் செல்லும் அன்பர்கள், என்ன நோய் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நலம்.

சீந்தில் கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதை மாதக்கணக்கில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பின்னர் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து அதே போன்ற நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. விவாதம் அறிஞர்களிடையே இருக்கட்டும். நமக்கு வேண்டிய செய்தி, காய்ச்சலுக்கு மூன்று நாள் குடிப்பதும் ஆறு மாதம் குடிப்பதும் ஒன்றல்ல என்பதே.

இனி, நான் இன்று சொல்ல வந்ததிலேயே முக்கியமானதற்கு வருகிறேன். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்றும், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு ஒன்று 2023இல் தெரிவித்தது. இவ்வரங்கில் அமர்ந்திருப்பவர்களில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் சிலரே இருப்பீர்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இன்சுலினும் மாத்திரையும் ஒழுங்காக எடுத்து வந்தவர்தாம். "மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும், இந்தப் பொடியைச் சாப்பிட்டால் ஊசியே வேண்டாம்" என்று ஒரு காணொளியில் கண்டு, பொடியைத் தபாலில் வரவழைத்தார். இன்சுலினையும் மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினார். சிறுகுறிஞ்சானும் நாவற்கொட்டையும் ஆவாரம்பூவும் கலந்தது என்று உறையில் அச்சிட்டிருந்தது. நான்கு மாதங்கள் அவர் எங்கள் பக்கமே வரவில்லை. அந்த இடைவெளியில் செருப்பு உரசிக் கால்விரலில் ஒரு கொப்புளம். நரம்பு மரத்துப் போயிருந்ததால் வலிக்கவில்லை. வலிக்காததால் பெரிதாக நினைக்கவில்லை. ஏதோ தைலம் தடவியிருக்கிறார். அவருடைய மகள், "வாப்பா கால் ஒரு மாதிரி வாடை வருகிறது" என்று கட்டாயப்படுத்தி அழைத்து வந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 13ஐத் தாண்டியிருந்தது. அந்த இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பாதத்தைக் காப்பாற்ற முடிந்ததே அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் திட்டுவீர்கள்" என்றார். இந்த நான்கு சொற்கள்தான்... இல்லை, இரண்டே சொற்கள். அவற்றைக் கேட்டபோது எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. நோயாளி வாய் திறந்ததும், "அந்தக் குப்பையை எல்லாம் ஏன் தின்கிறீர்கள்?" என்று சீறும் மருத்துவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சீறினால் நோயாளி பொடியை நிறுத்துவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறார். அதுதான் ஆபத்து.

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் சிறுநீரகம் பழுதாகும். அதற்குள் நோயாளி பத்துப் பதினைந்து ஆண்டுகள் மாத்திரையும் சாப்பிட்டிருப்பார். சிறுநீரகம் பழுதானதும் மெட்ஃபார்மின் உடலில் தேங்கிவிடும் என்பதால் மருத்துவர் அதைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். பார்ப்பவர்கள், "டாக்டரே நிறுத்திவிட்டார், ஆக அதுதான் கெடுத்திருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திருடியவன் சர்க்கரை, பிடிபட்டது மாத்திரை.

வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் இவற்றில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழுவழுப்பு ஒருவகை நார்ச்சத்து. அது சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதை மெதுவாக்குகிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போலிருக்கும். நாவின் இனிப்புச் சுவையை அது சற்று நேரம் மறைத்துவிடுகிறது. நம்மவர்கள் விரும்பி உண்ணும் கருஞ்சீரகத்திலும் சர்க்கரையையும் கொதிப்பையும் ஓரளவு குறைக்கும் தன்மை இருப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. இவை யாவும் மாத்திரையோடு கைகோத்து நடக்கக் கூடியவை. அதன் இடத்தில் உட்காரக் கூடியவை அல்ல. குறைக்கும் தன்மை இருப்பதாலேயே மருத்துவருக்குத் தெரியவேண்டும். மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டால் மயக்கம் வருமல்லவா?

உறையில் அச்சிட்டிருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றேனும் இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு கூறியது. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் "ஒரே வாரத்தில் குணம்" என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாங்கள் அடிக்கடி ஐயுறுகிறோம். முகம் நிலாப்போல் உப்பி, சர்க்கரை ஏறி, தோல் மெலிந்து வரும் தாய்மார்களிடம் விசாரித்தால் அந்தப் பொடி வெளிவரும். அப்படி ஏதேனும் நீண்ட நாள் சாப்பிட்டு வந்தால், இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இன்றிரவே குப்பையில் வீசிவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. உறையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். முறையாகக் கற்றுப் பட்டம் பெற்ற சித்த, யூனானி மருத்துவர்கள் நம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். மூலிகை மருந்துதான் வேண்டுமென்றால் அவர்களிடம் செல்லுங்கள். முகம் தெரியாத காணொளிக்காரரைவிட அவர்கள் ஆயிரம் மடங்கு மேல்.

டெங்குக் காய்ச்சலைப் பற்றி ஒன்றே ஒன்று. 2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசே வழங்கியது. குடிப்பவர்கள் குடிக்கலாம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். "காய்ச்சல் இறங்கிவிட்டது, கசாயம் கேட்டுவிட்டது" என்று மகிழும் அந்த ஓரிரு நாள்களில்தான் வயிற்றுவலியும் விடாத வாந்தியும் இரத்தக் கசிவும் தலைகாட்டும். இரத்தப் பரிசோதனையைக் கசாயம் ஈடுசெய்யாது.

தாய்மார்களுக்கென்று சில சொற்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தில் தேன் தொடுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. தேனில் சில வேளை இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்து, பக்குவமடையாத குடலில் முளைத்து நஞ்சைக் கக்கி, பிள்ளையின் தசைகளைத் தளர்த்திவிடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயரிட்டவர்கள் அன்பினால் இட்டார்கள். அளவு மிஞ்சி மயங்கிய குழந்தைகளை மருத்துவமனைகள் அறியும். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைவிடச் சிறந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று எண்ணாதீர்கள். சென்ற நூற்றாண்டில் மிக அதிகமான உயிர்களைக் காத்த மருந்துகளில் ஒன்று அடுக்களையில் பிறந்ததுதான். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே குவளையால் ஊட்டச் சொன்னார். இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலப்பது நீங்கள் வீட்டிலேயே செய்யக் கூடியது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். இங்கும் கவனியுங்கள்: அளவு. உப்புக் கூடினால் மருந்தே நஞ்சாகும்.

கஞ்சி என்றதும் நோன்புக் கஞ்சி நினைவுக்கு வருகிறது. அரிசிக் குறுணை, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, சிறிது தேங்காய்ப்பால், இறைச்சித் துண்டு. பகல் முழுதும் ஓய்ந்திருந்த வயிற்றுக்கு இதைவிட இதமான உணவை ஒரு மருத்துவர் எழுதிக் கொடுக்க முடியாது. குறை கஞ்சியில் இல்லை. அதன் இருபக்கமும் அணிவகுக்கும் சமோசா, வடை, பஜ்ஜி, ரோஸ் சர்பத்தில் இருக்கிறது. நேற்றுப் பொரித்த எண்ணெயிலேயே இன்றும் பொரிப்பது அதனினும் மோசம். பேரீச்சம்பழம் நல்லதுதான். ஆனால் ஒரு பழத்தில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு இனிப்பு உண்டு என்பதைச் சர்க்கரை நோயாளி மனத்தில் வைத்து, ஒன்றோ இரண்டோ உண்ணட்டும். தேனும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் "இயற்கை" என்பதால் சர்க்கரையை ஏற்றாது என்று நம்புகிறவர்களைத் தினமும் காண்கிறேன். இரத்தத்திற்கு நிறம் தெரியாது. வெள்ளையோ கறுப்போ, இனிப்பு இனிப்புதான்.

நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் நேரத்தையும் இன்சுலின் அளவையும் மாற்றி எழுதி வாங்கிக் கொள்ளவேண்டும். பகலில் சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சிச் சோதிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அந்த ஐயத்தை என்னிடம் கேட்காதீர்கள். மேடையிலேயே ஆலிம்கள் அமர்ந்திருக்கிறார்கள், இன்றே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் விருந்துகளைப் பற்றிப் பேசினால் நேரம் போதாது. பகையும் சம்பாதித்துக் கொள்வேன். நெய்ச்சோறும் ஆணமும் வட்டிலப்பமும் ஆண்டுக்குச் சில நாள் இருந்தவரை அவை விருந்தாக இருந்தன. இப்போது வாரந்தோறும் ஒரு கலியாணம், இடைப்பட்ட நாள்களில் இரவில் பரோட்டா. நம் பாட்டிமார் உண்டது அதே நெய்ச்சோறு என்பார்கள். உண்மை. அவர்கள் கிணற்றில் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள். நாம் நெய்ச்சோற்றை மட்டும் வாரிசாகப் பெற்றுக்கொண்டோம். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம் நான்கும் ஒரே தட்டில் கூடினால் அந்தக் கணக்கு முதல் கவளத்திலேயே முடிந்துவிடும். கொதிப்புள்ளவர்கள் நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான்கையும் விடச் சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இன்று அஸர் தொழுகைக்குப் பின்னர் மதரஸா மண்டபத்தில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சகோதரிகளுக்குத் தனி அறையில் பெண் மருத்துவர் இருப்பார். வரும்போது ஒரு பையை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் சாப்பிட்டு வரும் மாத்திரை, பொடி, லேகியம், தைலம், தபாலில் வந்த புட்டி, பக்கத்து வீட்டில் கொடுத்த பொட்டலம் அனைத்தையும் அதில் போட்டுக் கொண்டு வாருங்கள். மேசைமேல் கொட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். யாரையும் திட்டமாட்டேன்.